வாட்டிலிருந்து தொடங்குங்கள்: புதிய கையடக்க கேம் கருவியை எடைபோடும் முறை

2022 ஜூலையில் ஐரோப்பாவை வெயில் வாட்டியபோது, ஸ்டீம் டெக் கருவியைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் அதை வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சுற்றியுள்ள காற்று 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் கருவி நன்றாக ஓடும். அதற்கு மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சிப் 100 டிகிரி வரை தாங்கும். 100-ஐத் தொட்டதும் வேகம் இறங்கும், 105-ல் கருவியே அணைந்துவிடும். நின்டெண்டோவும் தன் ஸ்விட்ச் கருவிகளுக்கு 5 முதல் 35 டிகிரி என்றே வரம்பு சொல்கிறது.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் நம் கொடைரோட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் 35 டிகிரி முற்பகலிலேயே தாண்டிவிடும். மேலே கான்கிரீட் தளம் மட்டும் இருக்கும் மாடி அறையில் பொழுது சாய்ந்த பிறகும் சுவர் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வருவதும் கேம் ஆட நேரம் கிடைப்பதும் அந்த இரண்டு மாதங்களில்தான். ஆகவே அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் இருந்துகொண்டு புதிய கருவி ஒன்றை வாங்க நினைப்பவர், ஏ.சி. அறையில் எடுத்த சோதனை எண்களை அப்படியே நம்பிப் பணத்தைக் கட்டக் கூடாது. இந்த அத்தியாயம் அவருக்காக.

விவரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பவை பிராசசரின் பெயர், ரேம், திரையின் ஹெர்ட்ஸ். நான் முதலில் தேடுவது வாட். சிப் 15 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் 15 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் பிறக்கிறது. ஃபேன் அதை வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளும் வேகத்தைப் பொறுத்துச் சத்தம் வரும். எடுத்த வாட்டுக்குத் தகுந்தபடி பேட்டரி இறங்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கக் கூடாதென்றால் பெரிய பேட்டரி வைக்க வேண்டும், அப்போது கை வலிக்கும். எந்தப் பக்கம் போனாலும் வாட்டுக்கே வந்து சேர்வீர்கள்.

இது புதிதாக வந்த சிக்கல் இல்லை. 1989-ல் நின்டெண்டோ கேம் பாயை வெளியிட்டபோது அதன் திரையில் வண்ணமே கிடையாது. நான்கு சாயல்கள், பின்னொளியும் இல்லை. அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்க்ஸ், அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியர் இரண்டுக்கும் வண்ணத் திரையும் பின்னொளியும் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் கேம் பாய் தோற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டும் ஆறு பேட்டரிக் கட்டைகளைப் போட்டாலும் நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கே கட்டையில் பத்து மணி நேரத்துக்கும் மேலே ஓடியது. பழகி, மலிந்து, முழுக்கப் புரிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. தொண்ணூறுகளில் நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தொங்கிய, '9999 இன் 1' என்று அச்சிட்ட பிரிக் கேமை நினைத்துப் பாருங்கள். கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரியும் திரை. அதனால்தான் கட்டை மாற்றாமல் விடுமுறை முழுக்க ஓடியது.

இப்போது சிப்புக்கு வருவோம். இன்றைய கருவிகளில் சிப்பின் பெயரே முதல் பொறி. 2025 அக்டோபரில் இரண்டு ரோக் எக்ஸ்பாக்ஸ் அல்லை கருவிகளை அசூஸ் ஒன்றாக வெளியிட்டது. ஒன்றில் இருப்பது ஏ.எம்.டி. ரைசன் இசட்2 ஏ. மற்றதில் ரைசன் ஏ.ஐ. இசட்2 எக்ஸ்ட்ரீம். இரண்டிலும் 'இசட்2' இருப்பதால் அண்ணன் தம்பி என்று தோன்றும். இசட்2 ஏ-வின் உள்ளே இருப்பது ஜென் 2 வகையின் நான்கு கோர்களும் ஆர்.டி.என்.ஏ. 2 வகையின் எட்டு கிராஃபிக்ஸ் அலகுகளும்; அதாவது 2022-ல் ஸ்டீம் டெக்கில் வந்த சிப்பின் நெருங்கிய உறவு. இசட்2 எக்ஸ்ட்ரீமில் இருப்பது ஜென் 5 வகையின் எட்டு கோர்கள், ஆர்.டி.என்.ஏ. 3.5 வகையின் 16 அலகுகள். இடையில் மூன்று தலைமுறை. வெறும் 'இசட்2' என்றொன்றும் இருக்கிறது; அது 2023-ன் இசட்1 எக்ஸ்ட்ரீம் போலவே ஜென் 4 கோர்கள் எட்டும் ஆர்.டி.என்.ஏ. 3 அலகுகள் பன்னிரண்டும் கொண்டது. 'இசட்2 கோ' என்பது வேறு ரகம். கடைக்காரர் "புது சிப் தம்பி, இசட்2" என்று சொன்னால், "எந்த இசட்2-ண்ணே? ஜென் எத்தனை? கிராஃபிக்ஸ் அலகு எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பெட்டியின் மீதுள்ள முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடுங்கள். விலைக்குப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த கேள்வி, அந்த சிப் எத்தனை வாட்டில் அந்த வேகத்தைக் காட்டுகிறது என்பது. ஸ்டீம் டெக்கின் சிப் 4 முதல் 15 வாட் வரை எடுக்கும். 2023-ன் ரோக் அல்லையில் 10, 15, 25 வாட் என்று மூன்று நிலைகள். சார்ஜர் செருகியிருந்தால் 30 வரை போகும். விளம்பரத்தில் காட்டும் வேகம் எப்போதும் உச்ச நிலையின் வேகம். 25 வாட்டில் இரண்டு கருவிகளுக்கு இடையே பெரிதாகத் தெரிந்த இடைவெளி 10 வாட்டுக்கு இறக்கினால் வெகுவாகச் சுருங்கிவிடும். நம் ஊர் மே மாதத்தில் நீங்கள் பெரும்பாலும் ஓட்டப்போவது 10, 15 வாட்டில்தான். எந்த மதிப்புரையைப் படித்தாலும் அந்த நிலைக்கான எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். ஃபேன் வெப்பத்தை வெளியேற்றும் திறன், சிப்பின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பை 85 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்று கொள்வோம். 25 டிகிரி ஏ.சி. அறையில் வித்தியாசம் 60. கொடைரோட்டு மே மாதத்து 40 டிகிரியில் வித்தியாசம் 45. அதே ஃபேன், அதே சத்தம், ஆனால் வெளியேற்றும் திறனில் கால்பங்கு போய்விட்டது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்து 80 கிலோமீட்டர் ஏறிக் கொடைக்கானலில் உட்கார்ந்தால் 20 டிகிரி, வித்தியாசம் 65. இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஆதாயத்தில் கொஞ்சம் கழியும். ஆனாலும் மலையில் ஓடுவதும் அடிவாரத்தில் ஓடுவதும் ஒரே கருவி என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபாடு தெரியும்.

சிப்புக்கு அதிக வேலை கொடுப்பது திரை. ஸ்டீம் டெக்கின் திரையில் 1280-க்கு 800, மொத்தம் பத்து லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ரோக் அல்லையின் 1080பி திரையில் அதைப்போல் இரண்டு மடங்கு. லெனோவோ லீஜியன் கோவின் 8.8 அங்குலத் திரையில் 2560-க்கு 1600, சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் நொடிக்கு 40, 60 தடவை வரைய வேண்டும். லீஜியன் கோவை வாங்குபவர்கள் பெரும்பாலும் கேமைக் குறைந்த புள்ளிகளில் ஓட்டிப் பெரிதாக்கித்தான் பார்க்கிறார்கள். ஏழு அங்குலத்தில் 800பி போதும் என்பது என் முடிவு. 120 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கும் அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். இந்தக் கருவிகளில் பெரிய கேம்கள் 40-க்கும் 60-க்கும் இடையில்தான் ஓடும். கேமை 40-ல் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா, திரை அதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 30-ல் ஒரு படத்துக்கு 33.3 மில்லி நொடி, 60-ல் 16.7, 40-ல் 25. கண்ணுக்கு 40 என்பது சரிபாதி வழி. வாட்டில் கிடைக்கும் மிச்சமோ கணிசமானது.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் தருவார்கள். 500, 600 நிட்ஸ் என்றால் வீட்டுத் திண்ணையில் நன்றாகத் தெரியும். கொடைரோடு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கூரை இல்லாத பகுதியில் நண்பகலில் நின்றால் உங்கள் முகம்தான் தெரியும். ஓ.எல்.இ.டி. திரையின் கறுப்பு இரவில் அழகு. வெயிலில் அதற்கும் பெரிய சலுகை கிடையாது.

ரேமைப் பற்றி ஒரே எச்சரிக்கை. இந்தக் கருவிகளில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 16 ஜி.பி. என்று போட்டிருந்தால் கேமுக்கு முழுதும் கிடைக்காது. அந்த 16-க்குள்ளிருந்து கிராஃபிக்ஸுக்கு நான்கைந்து போய்விடும். விண்டோஸ் ஓடும் கருவி என்றால் அதற்கும் ஒரு பங்கு. அதனால் விண்டோஸ் கருவியில் 24 ஜி.பி. கேட்பது பேராசை இல்லை. ரேமின் வேகத்தையும் கேளுங்கள். 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓ.எல்.இ.டி.யில் ரேமின் வேகம் 5500-லிருந்து 6400 ஆனது. சிப்பின் உள்ளமைப்பு பழையதாகவே இருந்தும் சில கேம்களில் வேகம் கூடியதற்கு இதுவும் காரணம்.

பேட்டரி பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் எண்ணைத் தவறாகப் படிக்கிறார்கள். செல்போன் பழக்கத்தில் எல்லோரும் எம்.ஏ.எச். பார்க்கிறார்கள். முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 5,300 எம்.ஏ.எச். அளவு. நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ன் பேட்டரி 5,220. இரண்டும் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்தோம். டெக்கின் பேட்டரியில் இரண்டு செல்கள் தொடராக இருப்பதால் வோல்ட் இரட்டிப்பு. அதன் உண்மையான கொள்ளளவு சுமார் 40 வாட்-அவர். ஸ்விட்ச் 2-ல் இருப்பது ஒற்றை செல்லின் வோல்ட். சுமார் 20 வாட்-அவர். எம்.ஏ.எச்.-ஐ வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் கிடைக்கும். அந்த எண்ணில்தான் கருவிகளை ஒப்பிட வேண்டும்.

வாட்-அவர் தெரிந்தால் தயாரிப்பாளர் சொல்லும் நேரத்தை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். முதல் டெக்குக்கு வால்வ் சொன்னது 2 முதல் 8 மணி நேரம். 40-ஐ 2-ஆல் வகுத்தால் 20 வாட். சிப் உச்சத்தில் 15 எடுக்கிறது, மீதி 5 திரைக்கும் ரேமுக்கும் ஃபேனுக்கும் வைஃபைக்கும் போகிறது. கணக்கு சரியாக வருகிறது. 8 மணி நேரம் என்பது மொத்தமே 5 வாட். அது சின்னச் சின்ன 2டி கேம்களுக்கு மட்டும் பொருந்தும். அதே 40 வாட்-அவர் பேட்டரியோடு வந்த முதல் ரோக் அல்லையை 25 வாட் நிலையில் ஓட்டினால், மற்றவற்றுக்கு ஏழெட்டு வாட் சேர்த்து, ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2024-ல் வந்த அல்லை எக்ஸில் அசூஸ் பேட்டரியை நேர் இரட்டிப்பாக 80 ஆக்கியது. எடை 608 கிராமிலிருந்து 678-க்குத்தான் போனது. அந்த எழுபது கிராம் நல்ல பேரம்.

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஊர் வருபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் எழும்பூரை விட்டு விடியுமுன் கொடைரோட்டைத் தொடுகிறது. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்ட்டுகளை அணைத்துவைக்கும் வழக்கத்தை ரயில்வே 2021-ல் கொண்டுவந்தது. ஆக உங்கள் பயணத்தின் பெரும்பகுதி பேட்டரியை நம்பித்தான். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர்; இழப்புப் போகக் கைக்கு வருவது அறுபது சொச்சம். டெக் போன்ற கருவியை ஒருமுறை நிரப்பலாம். பவர் பேங்க் 45 வாட் பி.டி. (பவர் டெலிவரி) தரக்கூடியதாக இருக்க வேண்டும். செல்போனுக்கு வாங்கிய 18 வாட் பவர் பேங்கைச் செருகி ஆடினால் பேட்டரி ஏறாது, இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டில் தோட்டத்து மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது பற்றிக் கவலைப்படாதீர்கள். நல்ல சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். திடீரென்று ஏறும் வோல்டேஜ்தான் ஆபத்து. சர்ஜ் தடுப்புள்ள நீட்டிப்புப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்து இருப்பது பகை. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி கருவியில் இருந்தால் கோடை முழுவதும் அதை இயக்கிவையுங்கள்.

வெப்பம் சிப்பை மட்டும் தாக்குவதில்லை. 2023-ல் வெளிவந்த முதல் ரோக் அல்லையில் மெமரி கார்டு செருகும் இடம் வெப்பக்காற்று வெளியேறும் வாயிலுக்கு அருகில் அமைந்திருந்தது. வெளிவந்து சில வாரங்களில் கார்டு படிக்கவில்லை என்று பலர் முறையிட்டார்கள். சில வெப்பச் சூழல்களில் கார்டு ரீடர் பழுதாகலாம் என்று அசூஸே ஒப்புக்கொண்டது. ஆகவே எந்தக் கருவியானாலும் வெப்பக்காற்று எங்கே வெளியேறுகிறது, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது, காற்று எங்கிருந்து உள்ளே போகிறது என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடியுங்கள். முதுகுப்புறம் காற்றை இழுக்கும் கருவியைத் தலையணை மீது வைத்து ஆடினால், சமையலறைப் புகைபோக்கியைத் துணியால் அடைத்த கதைதான். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் தூசியும் சேரும். பின்மூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்ய முடிவது இங்கே பெரிய வசதி.

எடை, பிடிமானம் பற்றி அதிகம் எழுதிப் பயனில்லை. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் 2 534 கிராம், டெக் ஓ.எல்.இ.டி. 640, லீஜியன் கோ 854. படுத்துக்கொண்டு ஆடும் பழக்கம் இருந்தால் 700-க்கு மேல் போகாதீர்கள். ஜாய்ஸ்டிக்கில் ஹால் எஃபெக்ட் வகை இருந்தால் நல்லது; காந்தத்தால் உணர்வது, உள்ளே உரசித் தேயும் பாகம் இல்லை. லீஜியன் கோவில் அது இருக்கிறது, ஸ்விட்ச் 2-ல் இல்லை. சேமிப்பிடத்துக்குக் குறைந்தபட்சம் 512 ஜி.பி.; 'பால்டர்ஸ் கேட் 3' ஒன்றே 150 ஜி.பி. கேட்கிறது. உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. எந்த நீளம் என்று பாருங்கள். அல்லை எக்ஸில் உள்ள 2280 அளவு எல்லாக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். டெக்கில் உள்ள 2230 அளவைத் தேடி வாங்க வேண்டும்.

வாங்கும் இடம் பற்றிக் கறாராக இருங்கள். ரோக் அல்லை 2023 ஜூலையில் இந்தியாவுக்கு முறையாக வந்தது. அப்போது விலை 69,990 ரூபாய். ஸ்டீம் டெக்கை வால்வ் இங்கே நேரடியாக விற்கத் தொடங்காததால், இங்கே கிடைத்ததெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விற்றவை. இந்திய வாரண்டி கிடையாது. அதே டெக்கின் உதிரிபாகங்களை விற்க வால்வ் 2022-லேயே ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது, பிரித்துச் சேர்க்கும் வழிகாட்டிகளும் கிடைக்கின்றன. கைப்பழக்கமுள்ள ரிப்பேர் கடை அண்ணன் ஒருவர் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் வாரண்டி இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டலாம். பேட்டரியை ஒட்டிவைத்துள்ள ஸ்விட்ச் 2 போன்ற கருவியில் அந்த வழியும் குறுகல். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா கொண்டுவருகிறார் என்றால், கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம்; லித்தியம் பேட்டரிக்கு அதுதான் பாதுகாப்பு. பில்லும் அவரிடமே இருக்கட்டும், சுங்கத்தில் கேட்பார்கள்.

கருவி கைக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே சோதியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பும் கெடு எத்தனை நாள், பணம் திரும்புமா, மாற்றுக் கருவி மட்டும்தானா என்பதை வாங்குமுன்பே படித்திருக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏ.சி. இல்லாத அறையில், மின்விசிறியை மட்டும் போட்டுக்கொண்டு, உங்களிடமுள்ள கேம்களில் கனமான ஒன்றை 15 வாட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். திரையின் ஓரத்தில் வாட், வெப்பநிலை, எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் வசதியை இயக்கிவையுங்கள். ஐந்தாவது நிமிடத்து எண்ணையும் நாற்பதாவது நிமிடத்து எண்ணையும் எழுதுங்கள். எஃப்.பி.எஸ். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தக் கருவி நம் வெயிலுக்குத் திணறுகிறது. சூடான அந்த நிலையிலேயே மெமரி கார்டைப் படிக்கிறதா பாருங்கள், சார்ஜரைச் செருகி ஆடிப் பாருங்கள், ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுக் கேமில் உருவம் தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள்.

மார்கழியில் வாங்குபவர் இன்னொரு படி போக வேண்டும். அறையில் 28 டிகிரி இருக்கும்போது சிப் 85-ல் நின்றால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். மே மாதத்தில் அதே அறை 40-ஐத் தொடும். அந்தப் பன்னிரண்டைக் கூட்டினால் 97, வேகம் இறங்கும் எல்லைக்கு மூன்று டிகிரிதான் மிச்சம். அப்போதே வாட்டை 15-லிருந்து 10-க்கு இறக்கி அதே கேமை மறுபடி ஓட்டுங்கள். அந்த வேகத்தில் ஆட்டம் உங்களுக்குப் போதுமானால் கருவியை வைத்துக்கொள்ளலாம். போதாதென்றால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டு, அதே பணத்துக்கு 10 வாட்டில் இன்னும் நன்றாக ஓடும் கருவியைத் தேடுங்கள்.